கொலோன் நகரில் ஒரு நாள்

கொலோன் என்ற பெயர் நம் தோட்டத்து வீடுகளுக்குப் புதிதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அதில் நாலு சொட்டு ‘ஓடிகொலோன்’ விட்டு நெற்றியில் போடுவார்கள் நம் தாய்மார்கள். அந்தப் பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் ‘கொலோன் தண்ணீர்’ என்பதே பொருள். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் கொலோன் நகரில் 1709ஆம் ஆண்டு முதல் ஃபரீனா என்ற குடும்பத்தார் அந்த வாசனைத் தண்ணீரைச் செய்து வருகிறார்கள். நம் கடைகளில் 4711 என்ற எண்ணோடு விற்கும் புட்டியும் அந்த ஊரில் பிறந்ததுதான்.

ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் “உங்கள் ஊரின் தண்ணீர் எது?” என்று கேட்டால், வாசனைத் தண்ணீரைக் காட்ட மாட்டார்கள். சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் கிளாஸைக் காட்டுவார்கள். அதில் இருப்பது பீர். அந்த பீரையும் அதனோடு அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டையும் தேடி நானும் என் கணவரும் ஒரு முழு நாள் அந்த ஊரில் சுற்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். “ஒரு டீச்சர் பீரைப் பற்றி எழுதுவதா?” என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பயணம் அமைந்த விதம்

என் கணவரின் அண்ணன் மகள் கொலோனில் பொறியியல் படிக்கிறாள். “சித்தப்பா, சின்னம்மா, நான் இங்கே இருக்கும்போதே ஒரு தடவை வந்து பார்த்துடுங்க” என்று இரண்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தாள். கூட்டுச் சீட்டு எடுத்த பணத்தோடு சேமிப்பையும் சேர்த்து, 2024 மே மாதக் கடைசியில் வந்த பள்ளி விடுமுறையில் புறப்பட்டோம்.

நாங்கள் போன மூன்றாம் நாள் அவளுக்கு வகுப்பும் வேலையும் சேர்ந்துவிட்டன. “இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் தனியாப் போயிட்டு வாங்க” என்று சொல்லி, ஒரு தாளில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தாள். எந்த டிராம், எந்த இடத்தில் இறங்க வேண்டும், எந்தச் சாப்பாட்டில் பன்றி இருக்கும், எதில் மாடு இருக்கும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்: “சித்தப்பா, ஒரு கடைக்கு ரெண்டு கிளாஸ்தான். போதும்னா அட்டையை எடுத்து கிளாஸ் மேல வச்சிடுங்க. இல்லாட்டி கொண்டு வந்துகிட்டே இருப்பாங்க!”

என் கணவர் குடிகாரர் அல்லர். கல்யாணம், தீபாவளி, நண்பர்கள் கூடும் நாள் என்றால் குடிப்பார். அவராக ஊற்றிக் குடிப்பது குறைவு. மற்றவர்கள் ஊற்றித் தருவதுதான் அதிகம். இது நம்மில் பல வீடுகளில் உள்ள கதைதான்.

முதலில் கோயில், பிறகு சாப்பாடு

கொலோனுக்குப் போகிற யாரும் முதலில் பார்ப்பது அங்குள்ள பெரிய தேவாலயத்தைத்தான். பார்க்காமல் தப்பிக்கவும் முடியாது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கழுத்து வலிக்கும்படி எதிரே நிற்கிறது. உயரம் 157 மீட்டர். 1248இல் கட்டத் தொடங்கி, நடுவில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் வேலை நின்றுபோய், 1842இல் மீண்டும் ஆரம்பித்து, 1880இல் முடித்தார்கள். கணக்குப் பார்த்தால் 632 ஆண்டுகள். தொடங்கியவனின் பேரனுக்குப் பேரனும் முடிவைப் பார்த்திருக்க மாட்டான்.

இந்த ஊரின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. கி.பி. 50இல் ரோமானியர்கள் இதைத் தங்கள் குடியேற்ற நகரமாக அறிவித்தார்கள். குடியேற்றத்துக்கு அவர்கள் மொழியில் ‘கொலோனியா’ என்று பெயர். அதுவே தேய்ந்து ஊர்ப் பெயராகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் இந்த நகரின் மீது 262 முறை விமானத் தாக்குதல் நடந்தது. 1942 மே 30ஆம் தேதி இரவில் மட்டும் ஏறக்குறைய 1000 பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. நடு நகரம் பெரும்பாலும் கல்மேடாகிவிட்டது. தேவாலயமும் அடி வாங்கியது. ஆனால் இரட்டைக் கோபுரமும் விழவில்லை.

தெற்குக் கோபுரத்தின் மேலே ஏறிப் பார்க்கலாம். 533 படிகள். “பத்துமலையில 272 படிதானே? அப்போ இது ரெண்டு பத்துமலை” என்றார் என் கணவர். சுற்றிச் சுற்றிப் போகும் குறுகலான கல்படியில் ஏறி இறங்கியபோது இருவருக்கும் கால் நடுங்கியது. காலையில் பசியாறியது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

தாளில் முதலில் எழுதியிருந்தது ‘ரைபெகூகன்’. பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயம், முட்டை, கொஞ்சம் மாவு சேர்த்து எண்ணெயில் தட்டையாகப் பொரித்தெடுப்பது. நம் அடை மாதிரி ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். ஒரு தட்டுக்கு மூன்று. தொட்டுக்கொள்ள ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழ்! உப்பும் எண்ணெயுமான பண்டத்தோடு இனிப்புக் கூழா என்று தயங்கித்தான் வாயில் வைத்தேன். சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அந்த லேசான புளிப்பு இனிப்பு நன்றாகவே பொருந்தியது. இந்தப் பண்டத்தில் இறைச்சி எதுவும் இல்லை. சைவம் சாப்பிடுகிற, முட்டை ஒதுக்காத அன்பர்கள் தைரியமாகச் சாப்பிடலாம்.

வாசலில் வந்த வாடை

பகல் சாப்பாட்டுக்குத் தேவாலயத்தின் பக்கத்திலேயே இருக்கும் ‘ஃப்ரூ’ என்ற பீர்ச் சாலைக்குப் போனோம். 1904இல் ஆரம்பித்தது. ஒரு காலத்தில் பீரை அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றிக் கொடுத்த வீடு.

கதவைத் தள்ளியதும் அந்தப் புளித்த வாடை வந்தது. என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். நல்ல வேலைக்காரர். மழை இல்லாத நாளில் அவர் கொண்டு வரும் பால் எடைக்கு ஈடு கிடையாது என்பார்கள். ஆனால் சம்பள நாளன்று அம்மா பிரட்டுக்களத்துக்கே போய் நிற்பார். அங்கே பிடித்தால்தான் அரிசிக்குக் காசு. பிடிக்கத் தவறினால் ராத்திரி என்னைத்தான் அனுப்புவார்: “போய் அப்பாவக் கூப்பிட்டு வா, புள்ளைய பாத்தா வருவாரு.” விளக்கில்லாத கொட்டகையில் சுவர் ஓரமாகக் குந்தியிருக்கும் ஆட்களில் என் அப்பா யார் என்று தேடியிருக்கிறேன். பக்கத்தில் சாப்பாடு இருக்காது. பேச்சும் அதிகம் இருக்காது. முதலில் கள்ளு, பிறகு தட்டைப் புட்டியில் சம்சு. 49 வயதில் போய்விட்டார். அந்த வாடைக்கு என் மனதில் வேறு பொருளே இல்லை.

“வேணாம்னா திரும்பிடலாம்” என்றார் என் கணவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

“இல்லைங்க, போவோம். இங்க எப்படி இருக்குன்னு பார்ப்போம்” என்றேன்.

உள்ளே நல்ல வெளிச்சம். நீண்ட மர மேசைகள். தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போன பலகைகள். ஒரு மேசையில் பாட்டி, மகள், பேரப்பிள்ளை என்று மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிடுகிறது. இன்னொன்றில் கழுத்துப்பட்டை கட்டிய அலுவலக ஆட்கள். தனியாக ஒரு மூதாட்டி கையில் செய்தித்தாளோடு ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு இருக்கிறார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒளிந்து குடிக்கும் ஆள் ஒருவரும் இல்லை.

கொல்ஷ் என்னும் பீர்

அந்த ஊர் பீருக்கு ‘கொல்ஷ்’ என்று பெயர். அந்த ஊர்ப் பேச்சுவழக்குக்கும் அதே பெயர்தான். “உலகத்தில் குடிக்கக்கூடிய ஒரே மொழி எங்களுடையது” என்பது அவர்களுடைய பழைய வேடிக்கை.

பீர் எப்படி ஆகிறது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயறு முளைகட்டுவது போல் பார்லியை ஊறவைத்து முளைகட்டி, பிறகு உலர்த்தினால் அது மால்ட். பிள்ளைகளுக்கு நாம் கலக்கித் தரும் மைலோவிலும் இந்த மால்ட் சேர்கிறது. அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். பீரின் கசப்பு அந்தப் பூவிலிருந்து வருவது. நம் கள்ளுக்கு இவ்வளவு வேலை கிடையாது. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் அது தானாகவே புளித்துவிடும். கொல்ஷ் பீரை முதலில் மிதமான சூட்டில் புளிக்கவிட்டு, பிறகு சில வாரம் குளிரில் வைத்துத் தெளியவிடுகிறார்கள். பொன்னிறமாகத் தெளிந்து இருக்கிறது. நூற்றுக்கு 5 பங்குக்குச் சற்றுக் குறைவாக மதுச்சத்து.

இந்தப் பெயரைக் கண்டவர்களும் போட்டுக்கொள்ள முடியாது. 1986இல் 24 பீர் ஆலைகள் ஒன்றுகூடி உடன்படிக்கை எழுதிக் கையொப்பம் இட்டன. கொலோனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இன்ன முறைப்படி காய்ச்சியதுதான் கொல்ஷ் என்பது அதன் சாரம். 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் அந்தப் பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

ஊற்றிக் கொடுக்கும் கிளாஸ் ஒல்லியாக, உயரமாக, நேராக இருக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்குக் ‘கம்பு’ என்று பொருள். கொள்ளளவு 0.2 லிட்டர்தான். ஐந்து கிளாஸ் குடித்தால்தான் ஒரு லிட்டர். ஜெர்மனியின் தெற்கே மியூனிக் நகரில் ஒரு லிட்டர் குவளையில் கொடுக்கிறார்கள். அவர்கள் இந்தக் கிளாஸைப் பார்த்துக் கேலி செய்வார்களாம். சின்னக் கிளாஸ் என்பதால் சூடேறி நுரை அடங்குவதற்குள் தீர்ந்துவிடும் என்பது கொலோன்காரர்களின் பதில்.

பரிமாறுகிறவருக்கு ‘கொபெஸ்’ என்று பெயர். யாக்கோபு என்ற பெயரின் உள்ளூர் வடிவம் அது. நீல உடுப்பு, முன்னால் மேலங்கி, இடுப்பில் தோல் பணப்பை. நடுவில் கைப்பிடியும் சுற்றிலும் கிளாஸ் நிற்கக் குழியும் உள்ள வட்டத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார். வாய் கொஞ்சம் துடுக்கு. அதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நான் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த பானம் கேட்டபோது, என் கணவரைப் பார்த்து ஆங்கிலத்தில், “அம்மா காடி ஓட்டப் போகிறாரா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அட்டைக் கணக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கிளாஸின் அடியில் தடித்த அட்டை ஒன்று வைக்கிறார்கள். ஒவ்வொரு கிளாஸ் வைக்கும்போதும் அந்த அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். இன்னொரு கோடும் விழும். எழுந்து போகும்போது கோட்டை எண்ணிக் காசு. கோடு போட்ட அட்டை குடிப்பவர் முன்னாலேயே கிடக்கிறது. எத்தனையாவது கிளாஸ் என்பதை அவர் மறந்தாலும் அட்டை மறக்காது. எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

நம் ஒட்டுக்கடையின் 555 புத்தகம் என் நினைவுக்கு வந்தது. அந்தப் புத்தகம் கடைக்காரரிடம் இருக்கும். எத்தனை போத்தல், எத்தனை வெள்ளி என்பது சம்பள நாளன்றுதான் நமக்குத் தெரியும். கணக்கு யார் கண் முன்னால் இருக்கிறது என்பதில் எவ்வளவு வித்தியாசம்!

சாப்பாட்டுக்கு ‘ஹால்வர் ஹான்’ சொன்னோம். ‘பாதிச் சேவல்’ என்று பொருள். “பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கோழி வராது” என்று தாளிலேயே எழுதியிருந்தது. வந்தது ஒரு கம்பு ரொட்டி, அதாவது ரை என்னும் கருந்தானிய மாவில் சுட்டது. கனமான பாலாடைக்கட்டித் துண்டு ஒன்று. வெண்ணெய், கடுகு விழுது, வெங்காயம், ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய். பக்கத்து மேசையில் ஒரு வெளியூர்க்காரர், தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சேவலைத் தேடிக்கொண்டிருந்தார்! மலிவானது, வயிறு நிறையும். வெறும் வயிற்றில் பீர் போகாமல் பார்த்துக்கொள்கிறது.

என் கணவர் அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. நான் ஒரு வாய் ருசி பார்த்தேன். என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. வேப்பங்கொழுந்தை மென்றது போல் ஒரு கசப்பு நாக்கின் அடியில் நின்றது. எனக்கு அந்த ஒரு வாயே போதும் என்று கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆற்றங்கரையில்

பிற்பகலில் ரைன் கரையோரம் நடந்தோம். நிலக்கரியும் மணலும் ஏற்றிய நீளமான படகுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. தேவாலயத்துக்குப் பின்புறம் ஹோஹென்சொல்லர்ன் பாலம். 1911இல் கட்டி முடித்தது. 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படையே அதைத் தகர்த்தது. போருக்குப் பின் திரும்பக் கட்டினார்கள். இன்று ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் அதைக் கடக்கின்றன. நடைபாதைக் கம்பிவேலி முழுவதும் பூட்டுகள்! காதலர்களும் தம்பதிகளும் தங்கள் பெயரை எழுதிப் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிந்து விடுகிறார்கள்.

“நாமும் ஒண்ணு போடுவோமா?” என்றார்.

“19 வருஷமா பூட்டித்தானே கிடக்கு. இன்னும் எதுக்குங்க?” என்றேன்.

வானமும் மண்ணும்

மாலையில் ஃப்ரீசன் தெருவில் உள்ள ‘பெஃப்கன்’ சாலைக்குப் போனோம். 1883இல் தொடங்கியது. இன்றும் அதே வளாகத்தில் பீர் காய்ச்சி, மரப் பீப்பாயிலிருந்து நேராகக் கிளாஸில் பிடித்துத் தருகிறார்கள். இந்த மாதிரிப் பழைய சாலைகளில், கூடத்துக்கும் பீப்பாய் இருக்கும் இடத்துக்கும் நடுவே மரத்தால் ஆன சிறு கூண்டு ஒன்று இருக்கும். அந்தக் காலத்தில் முதலாளியோ அவர் மனைவியோ அதில் உட்கார்ந்து கணக்கையும் ஆட்களையும் கவனிப்பார்களாம். தேவாலயத்தில் பாவமன்னிப்புக் கேட்கும் கூண்டின் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள்.

கூட்டமாக இருந்ததால் ஒரு வயதான தம்பதியின் மேசையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே முன்பின் தெரியாதவர்களோடு உட்காருவது சாதாரணம். அந்த அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் தெரிந்திருந்தது. எங்களுக்கு என்ன சாப்பிடலாம் என்று அவரே எடுத்துச் சொன்னார்.

என் கணவருக்கு ‘ஹிம்மல் உன் எட்’. அதற்கு ‘வானமும் மண்ணும்’ என்று பொருள். மரத்தில் காய்க்கும் ஆப்பிள் வானம். மண்ணுக்குள் விளையும் உருளைக்கிழங்கு மண். இரண்டையும் மசித்து வைத்து, அதன் மேல் பன்றி இரத்தத்தில் செய்த கருப்புத் தொத்திறைச்சியை வறுத்து, பொரித்த வெங்காயத்தோடு தருகிறார்கள். இரத்தம் என்றதும் முகம் சுளிப்பவர்கள், ஆட்டு இரத்தப் பொரியலை நாம் எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். “மிளகு மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டைக் காலி செய்தார். மாட்டிறைச்சியைக் காடியில் ஊறப்போட்டு, உலர்ந்த திராட்சையோடு வேகவைக்கும் ஒரு பண்டமும் பேர் போனதாம். எங்களுக்கு மாடு ஆகாது என்பதால் கேட்கவில்லை.

எனக்கு வெள்ளை அஸ்பாரகஸ். மண்ணைக் குவித்து மூடி, வெயில் படாமல் வளர்ப்பதால் தண்டு வெள்ளையாக இருக்கிறது. வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றி உருளைக்கிழங்கோடு தருகிறார்கள். ஜூன் 24ஆம் தேதியோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஆண்டுக்குச் செடி தெம்பு பெற வேண்டும் அல்லவா? நாம் பால்மரத்துக்கு ஓய்வு கொடுப்பது மாதிரி.

பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் தம் இரண்டாவது கிளாஸை முடித்தார். கொபெஸ் தட்டோடு வருவதைப் பார்த்ததும் அட்டையை எடுத்து மெல்லக் கிளாஸின் மேல் வைத்தார். கொபெஸ் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டார். “இன்னும் ஒன்று குடியுங்கள்” என்று யாரும் வற்புறுத்தவில்லையே என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “அட்டை மேலே வந்துவிட்டால் முடிந்தது. ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை” என்றார்.

கொஞ்ச நேரத்தில் என் கணவரின் கிளாஸும் காலியானது. அன்று மாலை அது அவருக்கு இரண்டாவது. கொபெஸ் பக்கத்தில் வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. தட்டில் மிச்சமிருந்த உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டையை எடுத்து கிளாஸின் மேல் வைத்தார்.

வெளியே வந்ததும் அவராகவே சொன்னார்: “இங்க மூடி வச்சா மரியாதை. நம்ம ஊர்ல மூடி வச்சா, ‘என்னடா, பொண்டாட்டிக்குப் பயமா’ன்னு கேப்பானுங்க. எத்தனை தடவை அந்த ஒரு பேச்சுக்காகவே குடிச்சிருக்கேன் தெரியுமா?” கல்யாணமாகி 19 ஆண்டுகளில் இதை அவர் என்னிடம் சொன்னது அன்றுதான்.

இன்னொரு பக்கம்

அந்த ஊரைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. இரவு 9.30 ஆகியும் வெளிச்சம் போகவில்லை. ரயில் நிலையத்தின் முன்னால் இளைஞர் கூட்டம் கையில் புட்டியோடு நின்றது. படிக்கட்டில் ஒருவர் நினைவில்லாமல் கிடந்தார். காலடியில் காலிப் புட்டிகள். ஒரு முதியவர் பெரிய பையோடு அந்தக் காலிப் புட்டிகளைப் பொறுக்கினார். பீர்ப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 8 காசு கிடைக்கும். அந்த நாட்டில் 16 வயதிலேயே பீர் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் நாட்டில் 2017 டிசம்பர் 1 முதல் அந்த வயது 21. இதில் நம் சட்டமே மேல் என்பேன். இந்த அளவு வரை குடித்தால் உடம்புக்குத் தீங்கில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. சின்னக் கிளாஸிலும் மது மதுதான்.

நம் முன்னோரும் இதை அறியாதவர்கள் அல்லர். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு அந்த வழியாகவே திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். அந்தக் கடைகள் போய்விட்டன. ஆனால் மலிவான சாராயம் போகவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த போலி மது குடித்துப் பலர் மாண்டதை மறக்க முடியுமா?

குடிக்காமல் இருப்பதே நல்லது. அதை நான் வகுப்பிலும் சொல்வேன், இங்கேயும் சொல்வேன். ஆனால் ‘குடிக்காதே’ என்று மட்டும் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை பேரைத் திருத்தினோம்? என் அம்மா அதைச் சொல்லாத நாள் கிடையாது. கொலோனில் நான் பார்த்தது வேறு ஒன்று. வெளிச்சத்தில், வயிற்றுக்குச் சாப்பாட்டோடு, குடும்பம் எதிரே இருக்க, கணக்குக் கண் முன்னால் கிடக்க, ‘போதும்’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் அதற்குத் தலைவணங்குகிறார்கள். இதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. செலவும் இல்லை. சொல்கிறவனைக் கேலி செய்யாமல் இருந்தாலே போதும்.

நாங்கள் திரும்பி வந்த பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணம். டவுன் மண்டபத்தில் விருந்து. ஆண்கள் மேசையில் வழக்கம்போல் போத்தல்கள். ஒரு நண்பர் என் கணவரின் கிளாஸில் மூன்றாவது தடவையாக ஊற்ற வந்தார். இவர் மேசையில் கிடந்த கல்யாண அழைப்பிதழை எடுத்து கிளாஸின் மேல் வைத்தார்.

“என்னாடா இது?”

“ஜெர்மன்காரன் சட்டம். மூடி வச்சா ஊத்தக் கூடாது.”

மேசையே சிரித்தது. கேலியும் கொஞ்சம் நடந்தது. ஆனால் யாரும் ஊற்றவில்லை. சற்று நேரம் கழித்து, அதே மேசையில் இருந்த இன்னொருவர் தம் கிளாஸின் மேலும் ஓர் அழைப்பிதழை வைப்பதைப் பார்த்தேன். அவர் மனைவி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. என் கையை மட்டும் ஒரு தடவை அழுத்திப் பிடித்தார்.